எடுத்து வளர்த்த பிள்ளையும் எழுத்தில் இருக்க வேண்டிய உரிமையும்

பிள்ளையில்லாத வீட்டில் பிறர் பிள்ளையைக் கொண்டுவந்து தன் பிள்ளையாக வளர்ப்பது நம் தோட்டங்களுக்குப் புதிய செய்தியன்று. 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சியில், சயாம்-பர்மா இரயில் பாதை போடுவதற்கென்று மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பி வராதவர்கள் மிகப் பலர். அவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளுக்கு உற்றாரும் அண்டை வீட்டாருமே தாயும் தந்தையும் ஆயினர். அக்காலத்திலும் அதற்கு முன்னும் பின்னும், வறுமையின் காரணமாகச் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளையும் நம்மவர் மனமுவந்து ஏற்று வளர்த்தனர். சேலை உடுத்தி, பூச்சூடி, கோயிலில் விளக்கேற்றி, நம்மைப் போலவே தமிழ் பேசும் சீனப் பாட்டிமாரைக் கண்டிராத தோட்டத்து மக்கள் அரியர்.

இவர்களை வளர்த்தவர்களிடம் அன்புக்குக் குறைவில்லை. ஆனால், பல வீடுகளில் எவ்வித எழுத்தும் பதிவும் இல்லாமலேயே பிள்ளை கைமாறியது. பிள்ளை வளர்ந்து, அடையாளக் கார்டு எடுக்கவும் திருமணத்தைப் பதிவு செய்யவும் சென்ற பின்னரே அந்தக் குறை வெளிப்பட்டது. மலேசிய மண்ணிலேயே பிறந்து வளர்ந்தும், முதுமை வரையில் சிவப்பு அடையாளக் கார்டுடன் காலம் கழித்தவர்கள் அவர்களுள் உண்டு.

பாரதக் கதையில் வில்வித்தை அரங்கின் நடுவே, உன் தாய் யார், தந்தை யார், குலம் யாது என்று கேட்கப்பட்டபோது கர்ணன் தலைகுனிந்து நின்றான். அவனை ஆற்றிலிருந்து எடுத்து வளர்த்த அதிரதனும் ராதையும் பெற்றோரினும் மேலாகவே வளர்த்தார்கள். ஆயினும் சபை கேட்ட கேள்விக்கு அவ்வளர்ப்பு விடையாகவில்லை. இன்று தேசியப் பதிவிலாகாவின் முகப்பில் நம் பிள்ளைகளிடம் கேட்கப்படுவதும் ஏறத்தாழ அதே கேள்விதான். அதற்குரிய விடையைப் பெற்றுத் தரும் வழியைச் சட்டம் 1952-ஆம் ஆண்டிலேயே அமைத்து வைத்திருக்கிறது. அவ்வழியை அறிந்திருப்பவர்கள் குறைவு என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணம்.

அந்த ஆண்டில் இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று தத்தெடுப்புச் சட்டம். இது சட்டம் 257 எனப்படும். மற்றொன்று தத்தெடுப்புப் பதிவுச் சட்டம். இது சட்டம் 253 எனப்படும். இரண்டும் தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை. பெயரில் ஒற்றுமை இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறானது. முதலாவது, நீதிமன்றத்தின் உத்தரவால் பிள்ளையை முழு உரிமையுடைய சொந்தப் பிள்ளையாக்குவது. இரண்டாவது, ஏற்கெனவே வளர்த்து வரும் பிள்ளையைத் தேசியப் பதிவிலாகாவில் வளர்ப்புப் பிள்ளை என்று பதிந்து கொள்வது. முன்னதற்கு அலைச்சலும் செலவும் அதிகம், பின்னதற்குக் குறைவு. எனவே "எல்லாம் அனாக் அங்காட் தானே" என்று சொல்லிப் பலரும் பின்னதோடு நின்றுவிடுகின்றனர். அவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு வளர்த்தவர்கள் உயிரோடு இருக்கும் வரையில் பெரிதாகத் தோன்றுவதில்லை. அவர்கள் மறைந்த பிறகுதான் தெரியவரும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்து இதனைப் பார்ப்போம். பெஸ்தாரி ஜெயாவை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில் ஒரு தம்பதியர் இருப்பதாகக் கொள்வோம். பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அந்த ஊரைச் சொல்வார்கள். இவர்கள் ஒரு குறிப்பிட்ட வீட்டார் அல்லர். பல வீடுகளில் நடப்பதை ஒரு வீட்டில் வைத்துச் சொல்கிறோம், அவ்வளவே. கணவருக்கு வயது 38, பால்மரம் சீவுகிறார். மனைவிக்கு 34, வெளிக்காட்டு வேலை. திருமணமாகிப் 12 ஆண்டுகள் கடந்தும் பிள்ளையில்லை. மருத்துவமும் பார்த்தாயிற்று, பத்துமலைக்குக் காவடியும் எடுத்தாயிற்று. மனைவியின் தங்கை ரவாங்கில் வாழ்கிறாள். மூன்று பிள்ளைகளுக்குப் பின் நான்காவதாக ஒரு பெண் குழந்தை பிறக்கிறது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே தங்கை சொல்கிறாள்: "அக்கா, இவள் உன் பிள்ளை. நீயே தூக்கிக்கொண்டு போ."

இத்தகைய கொடை நம் குடும்பங்களில் காணக்கூடிய பெருந்தன்மை என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும் அந்தக் கட்டிலருகிலேயே முதல் இடறலும் காத்திருக்கிறது. உறவினர் ஒருவர் வந்து, "எதற்கு வீண் அலைச்சல்? பிறப்பைப் பதியும்போதே அப்பா அம்மா என்று உங்கள் பெயரைக் கொடுத்துவிடுங்கள். யாருக்குத் தெரியப் போகிறது?" என்று யோசனை சொல்வார். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். ஆனால் இது பொய்த் தகவல் கொடுத்துப் பிறப்பைப் பதிவதாகும்; சட்டப்படி குற்றமாகும். மருத்துவமனை ஏட்டில் பெற்றவளின் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும் இருக்கின்றன. பல ஆண்டுகளுக்குப் பின் ஏதேனும் ஒரு விசாரணையில் உண்மை வெளிப்படுமானால், அந்தப் பிறப்புப் பத்திரமே செல்லாததாகலாம். அப்பொழுது தண்டனைக்கு அஞ்ச வேண்டியவர்கள் பெரியவர்கள். ஆனால் பள்ளியிலும் தேர்விலும் பயணத்திலும் துன்பப்படப் போவது ஏதுமறியாத பிள்ளை.

ஆகவே குழந்தை யார் வயிற்றில் பிறந்ததோ அவர்கள் பெயரிலேயே முதலில் பிறப்பைப் பதிதல் வேண்டும். தீபகற்பத்தில் அதற்குரிய கெடு 60 நாள். அந்தப் பத்திரமே பின்னர் நடைபெறும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பெற்றவர்கள் பெயர் அதில் இருப்பதால் வளர்ப்பவர்களுக்கு எக்குறையும் நேர்ந்துவிடாது. நீதிமன்ற உத்தரவுக்குப் பின் புதிய பத்திரம் கிடைக்கப் போகிறது.

அடுத்ததாக, குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்ததை அறிவித்தல் வேண்டும். 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி, பிறர் பிள்ளையைத் தன் பராமரிப்பில் எடுத்துக்கொள்பவரும் அப்பிள்ளையைக் கொடுத்தவரும் ஒரு வாரத்திற்குள் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். இந்த அதிகாரி, நாம் கெபாஜிக்கான் என்று சொல்லும் சமூக நல இலாகாவைச் சேர்ந்தவர். நீதிமன்றத்தில் தத்தெடுக்க எண்ணமிருப்பின் அந்த எண்ணத்தையும் அவ்விலாகாவுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்து மூன்று மாதங்களேனும் ஆகியிருக்க வேண்டும். குழந்தையும் தொடர்ந்து மூன்று மாதங்களேனும் இவர்கள் கையிலேயே வளர்ந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னரே நீதிமன்றம் உத்தரவு பிறப்பிக்கும்.

இங்கே நம் தம்பதியருக்கு எதிர்பாராத ஒரு தடை ஏற்படுகிறது. அதிகாரி திருமணப் பத்திரத்தைக் கேட்கிறார். அவர்களிடம் இருப்பது தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டியபோது எடுத்த புகைப்பட ஆல்பம் ஒன்றுதான். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த திருமணங்களை அச்சட்டம் பதிவானவையாகவே கருதுகிறது. அந்நாளுக்குப் பின் நடக்கும் திருமணங்கள் முறைப்படி பதிவாக வேண்டும். இருவர் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தத்தெடுக்க வேண்டுமானால் அவ்விருவரும் கணவன் மனைவியராக இருத்தல் வேண்டும் என்பது சட்டம். ஊரறிய வாழ்ந்தது போதாதா என்று கேட்பார்கள். போதாது. நம் தம்பதியர் பதிவிலாகாவுக்குச் சென்று, 12 ஆண்டுகள் கழித்துத் தங்கள் திருமணத்தைப் பதிகின்றனர். பிள்ளையை எடுக்கும் எண்ணம் இல்லாதவர்களுங்கூட இந்த ஒரு வேலையை ஒத்திப்போடாமல் முடித்துக்கொள்வது நலம்.

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சட்டம் 257-இன் கீழ்த் தத்தெடுப்பவருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளையைவிட 21 வயதேனும் மூத்தவராகவும் இருக்க வேண்டும். பிள்ளைக்கு உறவினராயின் 21 வயது நிறைந்திருந்தால் போதும். பிள்ளை 21 வயதுக்கு உட்பட்டு, மணமாகாததாக இருத்தல் வேண்டும். தனி ஆண் ஒருவர் பெண் பிள்ளையைத் தத்தெடுக்க, சிறப்பான காரணம் இருந்தாலொழிய நீதிமன்றம் இடந்தராது. தத்தெடுப்பவரோ பிள்ளையோ முஸ்லிமாக இருப்பின் இச்சட்டம் பொருந்தாது. தோட்டங்களில் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் நம்மோடு அருகருகே வாழும் இக்காலத்தில், இரக்கத்தால் ஒரு குழந்தையை வாங்கிக்கொள்ளும் முன் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மனு செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர்நீதிமன்றத்திலோ கொடுக்கப்படும். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவை அணுகிக் கேட்கலாம். மனு சென்றதும், குழந்தையின் நலனைத் தனியே கவனிப்பதற்கென்று ஒருவரை நீதிமன்றம் நியமிக்கும். அவர் பெரும்பாலும் சமூக நல அதிகாரியாகவே இருப்பார். அவர் தத்தெடுப்பவர்களுக்காகப் பேசுபவர் அல்லர். பெற்றவர்களுக்காகப் பேசுபவரும் அல்லர். வாய் திறந்து பேச இயலாத குழந்தைக்காகப் பேசுபவர்.

அவர் வீட்டைப் பார்க்க வருவார் என்றதும் தோட்டத்தில் ஒரு கலக்கம் ஏற்படுவது இயல்பு. லயத்து வீட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கொடுக்க மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சிக் கடன் வாங்கிச் சோபா செட் வாங்கிப் போடுவாரும் உண்டு. இது வேண்டாத செலவு. குழந்தை எங்கே உறங்குகிறது, காலையில் இருவரும் பிரட்டுக்குச் சென்ற பின் யார் பார்த்துக்கொள்கிறார், தடுப்பூசி அட்டை இருக்கிறதா, வீட்டில் குடிப்பழக்கம் உண்டா, வருவாய் மாதந்தோறும் வருகிறதா, பெற்றவர்களோடு இவர்களுக்கு உறவு எப்படி இருக்கிறது என்பவையே அவர் அறிய விரும்புவன. சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பாட்டியம்மாவும் அப்பொழுது வீட்டில் இருத்தல் நல்லது.

அதிகாரி பெற்றவர்களையும் சந்திப்பார். இதுதான் எல்லாவற்றிலும் கடினமான பகுதி. பெற்றவர்களின் சம்மதம் இல்லாமல் நீதிமன்றம் உத்தரவு கொடுப்பதில்லை. பிள்ளையைக் கைவிட்டவர்கள், கொடுமைப்படுத்தியவர்கள், தேடியும் கிடைக்காதவர்கள் போன்றோர் விஷயத்தில் மட்டுமே சம்மதம் தேவையில்லை என்று முடிவு செய்யும் அதிகாரம் நீதிமன்றத்திற்கு உண்டு. சம்மதம் கொடுப்பவர் தம் செயலின் பொருளை முழுவதும் உணர்ந்திருக்கிறாரா என்பதையும் நீதிமன்றம் உறுதிசெய்து கொள்ளும். உத்தரவு பிறந்தபின் பெற்றவளுக்குப் பிள்ளையின் மேல் உள்ள உரிமையும் கடமையும் அடியோடு நீங்கிவிடும். வளர்ப்பவர்களுக்கு முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளைபோல் அப்பிள்ளை ஆகிவிடும். தமிழில் சொல்வதானால், பெரியம்மா அம்மா ஆகிறாள். அம்மா சின்னம்மா ஆகிறாள். தங்கை அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திடும் நாளில் அழாமல் இருக்க மாட்டாள். அழட்டும். ஆனால் அவள் அழுவதைக் கண்டு, "பாவம், கையெழுத்தெல்லாம் இப்பொழுது வேண்டா, நாம் என்ன அயலாரா" என்று அக்கா காரியத்தைத் தள்ளிப் போடுவாளாயின், அங்கேதான் பிற்காலத் துன்பத்திற்கு வித்து ஊன்றப்படுகிறது.

அத்துன்பம் எப்படி வருகிறது? சகோதரிகளுக்குள் ஒரு திருமண வீட்டில் மனத்தாங்கல் ஏற்படலாம். தங்கையின் கணவர் வேறு எண்ணங்கொள்ளலாம். பிள்ளைக்கு எட்டு வயதாகும்போது, "என் பிள்ளையைத் திருப்பிக் கொடு" என்று வந்து நிற்கலாம். எழுத்தில் ஒன்றும் இல்லையெனில் சட்டத்தின் கண்ணில் பெற்றவர்களே பெற்றோர். எட்டு ஆண்டு ஊட்டி வளர்த்த கைக்கு அங்கே பிடிமானம் குறைவு. மற்றொரு வகையும் உண்டு. ரப்பர் நின்ற தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்பு நிலமாகவும் மாறிவிட்டன. ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், கெர்லிங், கலும்பாங் பக்கத்துக் குடும்பங்கள் சுங்கை பூலோ, கிள்ளான் என்று சிதறிப் போய்விட்டன. பிள்ளையைக் கொடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று அப்பொழுது யார் தேடுவது? கொடுத்தவர் அருகில் இருக்கும்போதே, மனம் இணங்கியிருக்கும்போதே கையெழுத்தைப் பெறுதல் வேண்டும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிடுவதும், தவிட்டுக்கு விற்று வாங்குவதும் நம் முன்னோர் வழக்கமாக இருந்தன. அது எமனை ஏமாற்றும் விளையாட்டு. இன்று பிள்ளையைக் கொடுத்து உண்மையாகவே பணம் வாங்குவதும், வாங்கிக் கொடுப்பதற்கென்று இடைத்தரகர் கூலி பெறுவதும் 2001-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின்படி குற்றங்களாகும், சிறைத்தண்டனைக்கு உரியவை. தத்தெடுப்பு மனுவை விசாரிக்கும்போதும், இதன் பொருட்டுப் பணமோ வேறு கைம்மாறோ கைமாறவில்லை என்பதை நீதிமன்றம் கேட்டறியும். பிரசவச் செலவுக்கு உதவினோம் என்பதையுங்கூட மறைக்காமல் அதிகாரியிடம் சொல்லிவிடுவதே முறை.

நீதிமன்ற விசாரணை நீளமானதன்று. நீதிபதிக்கு முழுத் திருப்தி ஏற்படாவிடில் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்திற்கு இடைக்கால உத்தரவாகப் பிள்ளையை ஒப்படைத்துப் பார்க்கவும் இடமுண்டு. உத்தரவு பிறந்தபின் அதன் விவரம் பதிவிலாகாவுக்குச் செல்லும். அங்கே புதிய பிறப்புப் பத்திரம் வழங்கப்படும். அதில் தாய், தந்தை என்ற இடங்களில் நம் தம்பதியரின் பெயர்களே இருக்கும். தத்து என்ற சொல்லோ அதைக் குறிக்கும் வேறு சொல்லோ அதில் இடம்பெறலாகாது என்று சட்டமே கூறுகிறது. பள்ளியில் அதைக் காட்டும் பிள்ளையை எவரும் ஏறிட்டுப் பார்க்க வேண்டிய தேவையே எழாது.

இதற்காக, பிள்ளையிடமே உண்மையை மறைத்துவிடலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் இதில் எனக்கு உடன்பாடில்லை. லயத்தில் இரகசியம் ஏது? தண்ணீர்க் குழாயடிச் சண்டையில் யாரோ ஒருவர் சொல்லிவிடுவார். அதனை அம்மாவின் வாயிலிருந்து ஐந்து வயதில் கதைபோலக் கேட்ட பிள்ளைக்கு அது ஒரு செய்தி. அயலார் வாயிலிருந்து பதினைந்து வயதில் கேட்கும் பிள்ளைக்கு அது ஓர் அடி.

இனி, இரண்டாவது வழியாகிய சட்டம் 253. இதன்படி, 18 வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிள்ளை ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் தொடர்ந்து வளர்த்து, உணவும் கல்வியும் கொடுத்து வந்தவர்கள், பதிவிலாகாவில் விண்ணப்பித்துப் பதிந்து கொள்ளலாம். வளர்ப்பவருக்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். பிள்ளையைவிட 18 வயதேனும் மூத்தவராயிருக்க வேண்டும். பெற்றவர்கள் உயிருடன் இருப்பின் பதிவதிகாரியிடம் தங்கள் சம்மதத்தைத் தெரிவித்தல் வேண்டும். நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் பொதுவான சட்டம் இது. பிள்ளை யார் பராமரிப்பில் இருக்கிறது என்பதற்கு இப்பதிவு உறுதியான சான்றாகும். ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் சொத்துரிமையை இது தருவதில்லை. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்தை யாருக்கு எப்படிப் பிரிப்பது என்று கூறுவது 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம். அது முஸ்லிமல்லாதவர்களுக்கு உரியது. அச்சட்டம் பிள்ளை என்னும் சொல்லுக்குப் பொருள் கூறுமிடத்தில், 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி தத்தெடுக்கப்பட்ட பிள்ளையைத் தவிர வேறு வளர்ப்புப் பிள்ளை அதில் அடங்காது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. நம் தம்பதியர் மலிவு விலை வீடு ஒன்றை வாங்கித் தவணை கட்டி முடித்துவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். சட்டம் 253-இன் கீழ் மட்டும் பதிந்து, உயிலும் எழுதாமல் இருவரும் மறைந்தால், அவ்வீடு கணவரின் அண்ணன் தம்பிமார்க்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் போகக்கூடும். கடைசிவரை கஞ்சி ஊற்றிப் பார்த்துக்கொண்ட மகள் வாசலில் நிற்க நேரும். இந்த வழியைத் தேர்ந்தவர்கள் உயில் எழுதி வைத்தல் இன்றியமையாதது.

குடியுரிமை தனியான விஷயம். தத்தெடுப்பு உத்தரவு பெற்றோரைத் தரும். குடியுரிமையைத் தானாகத் தாராது. பெற்றவர்கள் இருவரும் மலேசியர்களாக இருந்து, அவர்கள் திருமணமும் பதிவாகியிருக்குமானால் சிக்கல் இல்லை; தங்கை மகள் போன்ற பிள்ளைகள் பெரும்பாலும் இவ்வகையினரே. பதிவுத் திருமணம் இல்லாமல் வெளிநாட்டுப் பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை, தந்தை மலேசியராயினும் தாயின் நிலையையே பின்பற்றும். 2021-ஆம் ஆண்டு மே மாதம் கூட்டரசு நீதிமன்றமும் பெரும்பான்மைத் தீர்ப்பில் அவ்வாறே முடிவு செய்தது. சிறப்புச் சூழ்நிலையில் பிள்ளையைக் குடியுரிமையில் பதிவதற்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவு இடமளிக்கிறது. ஆயினும் அது அரசாங்கத்தின் முடிவைப் பொறுத்தது, கேட்டவுடன் கிடைப்பதன்று. ஆகவே பிள்ளை சிறு வயதில் இருக்கும்போதே விண்ணப்பித்தல் வேண்டும். 12 வயதில் அடையாளக் கார்டு எடுக்கும் நாள்வரை காத்திருப்பது கூடாது.

பெற்றவர்கள் யாரென்றே தெரியாத, கண்டெடுக்கப்பட்ட பிள்ளையின் நிலை வேறு. அப்படிப்பட்ட ஒரு பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுத்த ஒரு தம்பதியர், அதற்குக் குடியுரிமை மறுக்கப்பட்டபோது சோர்ந்துவிடாமல் கூட்டரசு நீதிமன்றம் வரையில் வழக்காடினர். 2021 நவம்பரில் அந்நீதிமன்றம், இந்நாட்டில் கைவிடப்பட்டு, பெற்றோர் யாரென்று அறியப்படாத அப்பிள்ளை அரசியலமைப்பின்படியே குடிமகன் ஆவான் என்று தீர்ப்பளித்தது. பெற்றவள் வெளிநாட்டவள் என்பதைப் பிள்ளை மெய்ப்பிக்க வேண்டியதும் இல்லை, மறுக்க வேண்டியதும் இல்லை என்ற ஆறுதலை இத்தகைய பிள்ளைகளுக்கு அத்தீர்ப்பு அளித்தது. கோயில் வாசலிலோ பேருந்து நிறுத்தத்திலோ ஒரு குழந்தையைக் கண்டெடுப்பவர் அதனை மறைவாக வீட்டுக்குக் கொண்டுபோகாமல், உடனே போலீசுக்கும் சமூக நல இலாகாவுக்கும் அறிவிப்பதன் பயன் இங்கே விளங்கும். கண்டெடுத்த இடமும் நாளும் அங்கே எழுத்தில் பதிவாகின்றன. பிற்காலத்தில் அப்பிள்ளைக்கு இருக்கும் ஒரே சான்று அதுவாகலாம்.

உறவில் பிள்ளை கிடைக்காதவர்கள் சமூக நல இலாகாவிடமே விண்ணப்பிக்கலாம். கைவிடப்பட்ட பிள்ளைகளை அவ்விலாகா தகுதியுள்ள குடும்பங்களிடம் இரண்டு ஆண்டுகளுக்கு வளர்க்கக் கொடுக்கும். அக்காலத்திற்குள் பெற்றவர்கள் உரிமை கோரி வராவிடில், வளர்த்தவர்களே தத்தெடுக்க வழி செய்யப்படும். காத்திருப்போர் பலர்; கைக்குழந்தைகள் சிலர். சற்று வளர்ந்த பிள்ளையையும் ஏற்போம் என்று மனம் வைப்பவர்களுக்குக் காத்திருக்கும் காலம் குறையலாம்.

இவற்றுக்கெல்லாம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கிறதே என்பது தோட்டத் தொழிலாளர்களின் நியாயமான மனக்குறை. எனவே போகும் முதல் நாளிலேயே கணவன் மனைவி இருவரும் சேர்ந்து செல்வதும், இருவர் அடையாளக் கார்டுகள், திருமணப் பத்திரம், குழந்தையின் பிறப்புப் பத்திரம், பெற்றவர்களின் அடையாளக் கார்டுகள் ஆகியவற்றின் அசலையும் நகலையும் கையோடு கொண்டுசெல்வதும் வேண்டும். ஒரு தாள் குறைந்தால் இன்னொரு நாள் கூலி போகும். மலாய் மொழியில் படிவம் நிரப்பத் தயங்குவோர், தோட்டப் பள்ளி ஆசிரியரையோ ஆபீஸ் கிராணியையோ முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். முகப்பில் "அனாக் அங்காட்" என்று மட்டும் சொல்லாமல், சட்டம் 257-ஆ, 253-ஆ என்பதையும் சேர்த்துச் சொன்னால் அதிகாரிக்கு உடனே விளங்கும்.

நம் தம்பதியருக்கு உத்தரவு கிடைத்துவிட்டது. புதிய பிறப்புப் பத்திரமும் வந்துவிட்டது. இன்னும் ஒரு வேலை எஞ்சியிருக்கிறது. கணவர் தம் இருபதாவது வயதில் வேலைக்குச் சேர்ந்தபோது ஊழியர் சேமநிதி வாரியத்தில் வாரிசாகத் தம் தாயின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தப் பாரத்தை அவர் இன்றுவரை மாற்றவில்லை. மனைவியின் பெயரும் மகளின் பெயரும் அதில் ஏற வேண்டும். அடுத்த சம்பள விடுமுறை நாளில் அந்த அலுவலகத்திற்குச் செல்லும்போது, மகளின் புதிய பத்திரத்தின் நகல் ஒன்றை அவர் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்.